கல் விளிம்பில் ஒரு வித்தை

பிலடெல்பியா மாநகரில், நகர மண்டபத்துக்கு எதிர்ப்புறத்தில், மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்காகப் பூமிக்கடியில் கட்டிய நிலவறையின் கூரையையே தளமாகக் கொண்டு, 1965-ஆம் ஆண்டில் ஒரு சதுக்கத்தை அமைத்தார்கள். ஜனாதிபதி கென்னடியின் பெயர் தாங்கிய அந்தச் சதுக்கத்தில், ராபர்ட் இண்டியானா என்னும் கலைஞர் 'லவ்' என்ற சொல்லின் நான்கு எழுத்துக்களை இரண்டிரண்டாக அடுக்கிச் செய்த சிற்பம் 1976-இல் வந்து சேரவே, ஊரார் வாயில் அதற்கு 'லவ் பார்க்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நடுவே நீரூற்று, அதைச் சுற்றிப் படிகள், படிகளை ஒட்டித் தாழ்வான, நீண்ட, வழவழப்பான கருங்கல் மேடைகள். நடுப்பகலில் ஆபீஸ் குமாஸ்தாக்கள் வந்து உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த ஆகாரத்தைப் பிரித்துச் சாப்பிடுவதற்கு அவற்றைவிட வசதியான இடம் இராது. அமைத்தவர்களின் உத்தேசமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் 1980-களிலிருந்து, சக்கரம் பூட்டிய மரப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே வரத் தொடங்கிய வாலிபர்கள், அந்த மேடைகளின் பரப்பை விட்டுவிட்டு அவற்றின் விளிம்பையே உற்றுப் பார்த்தார்கள்.

விளிம்பு எவ்வளவு நேராக ஓடுகிறது, எங்கே மூக்கு உடைந்திருக்கிறது, ஒரு கல்லும் அடுத்த கல்லும் சேரும் இடத்தில் இடைவெளி எத்தனை, முன்னால் ஓடிவந்து வேகம் பிடிக்க இடம் உண்டா, மேடை முடிந்து இறங்கும் இடத்தில் தரை சமமாக இருக்கிறதா என்றெல்லாம் அவர்கள் பார்க்கிற பார்வையை, அந்தச் சதுக்கத்தைக் கட்டிய கொத்தனார்கூடப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. இவ்வளவு பரீட்சையும் எதற்காகவென்றால், 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி கிரைண்ட்' என்று அவர்கள் சொல்லும் ஒரு வித்தைக்காக. தெருவில் ஸ்கேட்போர்டு பழகுகிறவர்கள் மேடையின்மேல் செய்யும் வித்தைகளுக்கெல்லாம் இதுவே அரிச்சுவடி. அரிச்சுவடி என்பதனால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்கேட்போர்டு என்பது ஏறக்குறைய 32 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள பலகை. மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழைப் பசையிட்டு அழுத்திச் செய்த அதன் முன் நுனியும் பின் நுனியும் மேல்நோக்கி வளைந்திருக்கும். மேற்பரப்பில், கால் வழுக்காதிருக்க உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாளை ஒட்டியிருப்பார்கள். அடியில், 'டிரக்' என்று பெயர் பெற்ற அலுமினிய அச்சுக்கள் இரண்டும், ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு சக்கரங்களும் உண்டு. வித்தை இவ்வளவுதான்: மேடையின் பக்கவாட்டில் வேகமாக உருண்டு வந்து, பலகையைக் கையால் தொடாமலே அதனோடு சேர்ந்து எழும்பி, இரண்டு டிரக்குகளும் கல்லின் விளிம்பில் பொருந்துமாறு அமர்ந்து, உலோகம் கல்லை உரசி இரைய அந்த விளிம்போடு வழுக்கிச் சென்று, மேடை முடிந்ததும் தரையில் இறங்கி உருண்டு போய்விட வேண்டும். பார்க்கிறவனுக்கு இரண்டு மூன்று விநாடி வேடிக்கை. பழகுகிறவனுக்கோ, வாரக்கணக்காகவும் சில சமயம் மாதக்கணக்காகவும் நீளும் விவகாரம்.

இந்தப் பலகைக்கும் தெருவுக்கும் உண்டான சம்பந்தம் ஆதியில் இருந்ததன்று. ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் பாலியூரிதேன் சக்கரங்களைக் கொண்டுவந்து விற்கும்வரை, சிறு கூழாங்கல் தட்டினாலும் நின்றுவிடும் கெட்டிச் சக்கரங்களோடுதான் பிள்ளைகள் மல்லாடினார்கள். புதுச் சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு ஓடியது. கலிபோர்னியாவில் 1976-77-இல் கடும் வறட்சி வந்து, செல்வர் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது, அந்தக் குளங்களின் வளைந்த சுவர்களே அரங்கமாயின. பிறகு கட்டணம் வாங்கும் ஸ்கேட் பூங்காக்கள் எழும்பின. விழுந்தவர்கள் வழக்குத் தொடுப்பார்கள் என்ற அச்சத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிய வேகத்தில் அவற்றில் பல மூடவும்பட்டன. போக்கிடம் இல்லாத பிள்ளைகளுக்குத் தெருவே மிஞ்சியது.

ஆனால் தெருவில் இருப்பவை படியும் கல்லும் கம்பியும் அல்லவா? குளத்துச் சுவரைப் போல அவை சக்கரத்தைத் தாமாக மேலே ஏற்றிவிடமாட்டா. கையில் பிடிக்காமல் பலகையோடு எழும்புவதற்கு ஓர் உபாயம் இருந்தால் ஒழியத் தெரு உபயோகப்படாது. அந்த உபாயம் ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. ஆலன் கெல்ஃபாண்ட் என்ற சிறுவன் 1970-களின் இறுதியில் வளைந்த சுவரின் உச்சியில் கைப்பிடியில்லாமல் எழும்பிக் காட்ட, அவனுடைய செல்லப் பெயரால் அந்த வித்தைக்கு 'ஆலி' என்று பெயராயிற்று. அதே ராஜ்யத்தைச் சேர்ந்த ராட்னி மல்லன் 1980-களின் தொடக்கத்தில் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். மார்க் கான்ஸாலெஸ், நாட்டாஸ் காப்பாஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் அந்தத் தசாப்தத்தின் நடுவில் அதைத் தெருவிலுள்ள மேடைகளிலும் மாடிப்படிக் கைப்பிடிகளிலும் பிரயோகித்துக் காட்டிய பிறகு, நகரம் முழுவதுமே அவர்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சிக்கூடமாகிவிட்டது.

ஆலியைப் பார்த்தால் கால்களில் பசை தடவியிருக்கிறார்களோ என்று தோன்றும். அதில் மாயம் ஒன்றுமில்லை. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பின்காலால் பலகையின் வாலைத் தரையில் ஓங்கி அறைய, பலகை பின் அச்சை மையமாகக் கொண்டு மூக்கைத் தூக்குகிறது. வால் தரையில் மோதித் துள்ளும் அதே கணத்தில் முன்காலின் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து, அந்தச் சொரசொரப்பான தாளின்மேல் உரசியபடி மூக்குவரை இழுத்துக்கொண்டு போக, அந்த உரசல் பலகையை மேலே கூட்டிச் செல்கிறது. பிறகு முன்கால் முன்னோக்கி அழுத்தவே, வாலும் எழும்பிப் பலகை அந்தரத்தில் சமனாகிறது. மனிதனும் பலகையும் தனித்தனியே குதித்து, இடையில் ஒருவரையொருவர் விடாமல் இருக்கிறார்கள் என்பதுதான் உண்மை. இது கைவந்த பிறகே மேடை.

அதற்கும் முன்னே நடைபாதையின் ஓரக்கல் இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் ஏறக்குறைய 6 அங்குல உயரமுள்ள அந்தக் கல்லைத்தான் விவேகிகள் முதல் ஆசானாகக் கொள்ளுகிறார்கள். வண்டி நிறுத்தக் கூடாது என்பதற்காகச் சிவப்பு வர்ணம் பூசிய ஓரக்கல் ஒன்று கிடைத்துவிட்டால், வர்ணம் கல்லின் மேடுபள்ளங்களை மூடி வழவழப்பாக்கியிருப்பதனால், அதைப் பாக்கியமாகக் கருதுவார்கள். எழும்பத் தெரியாதவனும் அதில் வழுக்கலாம். முன் சக்கரங்களைச் சற்றே தூக்கி ஓரக்கல்மேல் ஏற்றி, பின் அச்சை அதன் விளிம்பில் இடித்து ஏற்றும் பழைய முறை ஒன்று உண்டு. அதற்கு 'ஸ்லாப்பி' என்று பெயர். முரட்டுத்தனமாகத் தோன்றினாலும், உலோகம் கல்லைப் பற்றி உரசும்போது காலுக்கடியில் உண்டாகும் அதிர்வு எப்படிப்பட்டது என்பதை உடம்புக்கு முதன்முதலாக அறிமுகப்படுத்துவது அதுவே. சிறிது நாகரிகமாக எழும்பக் கற்றவர்கள் அதை இளக்காரமாகப் பேசுவதுண்டு. என் அபிப்பிராயத்தில் அந்த இளக்காரம் தகாது.

அடுத்தது மெழுகு. கல் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அலுமினியம் அதன்மேல் சுலபமாகச் செல்லாது. ஆகவே சாதாரண மெழுகுவத்தியையோ, இதற்கென்றே கடையில் விற்கும் கட்டியையோ எடுத்து, டிரக் எந்த இடத்தில் விழுந்து எந்த இடம்வரை செல்லுமோ அந்த அளவுக்கு, விளிம்பின் மேல்முகத்திலும் பக்கவாட்டு முகத்திலும் தேய்க்கிறார்கள். புதிய விளிம்பாயிருந்தால், முதலில் ஒரு செங்கல் துண்டாலோ கல்லாலோ அதன் கூர்மையை மழுக்கிக்கொள்வதும் உண்டு. பழகின விளிம்பு ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்தால், நெடுங்காலத்து மெழுகும் உலோகத்தூளும் அழுக்கும் கலந்து, கரிய மெருகு ஒன்று பட்டைபோல் நீண்டு கிடக்கும்; விரலால் தடவினால் எண்ணெய் பட்டதுபோல் வழுக்கும். மெழுகு போதாவிட்டால் பலகை நின்றுவிடும். அதிகமானால் பலகை தன்னிச்சையாக ஓடிவிடும். மேடையைக் கண்டவுடனே கைநிறைய மெழுகை அப்புகிறவன் கற்றுக்குட்டி என்பது அந்த வட்டாரத்தில் தெரிந்த விஷயம். பிறர் பழகும் மேடையில் கேட்காமல் மெழுகு தேய்ப்பது அவமரியாதை என்று கருதுவாரும் உண்டு.

இனி வித்தையைச் செய்யலாம் என்று மேடைக்கு எதிரே நிற்கிறபோதுதான் உண்மையான சிரமம் ஆரம்பமாகிறது. கால்கள் என்ன செய்ய வேண்டுமென்பதைப் பயில்கிறவன் அறிவான். ஆலியும் அவனுக்கு வரும். ஆயினும், ஜன்மம் எடுத்த நாள்முதல் நம்மைக் காப்பாற்றி வந்திருக்கும் ஜாக்கிரதை உணர்ச்சி என்று ஒன்று இருக்கிறதே, அது இந்த இடத்தில் பரம விரோதியாகிவிடுகிறது. பயம் சொல்லும் யோசனைகள் மூன்று. மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும், மூன்றும் விழவைக்கும்.

மெதுவாகப் போ என்பது முதல் யோசனை. மெதுவாகப் போனால் என்ன ஆகும்? உரசல் என்ற சக்தி பலகையின் வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுகொண்டே வருகிறது. உரசல் மாறாதிருக்கும்போது வேகத்தை இரட்டித்தால் வழுக்கிச் செல்லும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம்; அதையே திருப்பிப் பார்த்தால், வேகத்தைப் பாதியாக்கினவனுக்குக் கிடைப்பது கால்வாசித் தூரமே. மேடையின் நடுவில் டிரக் கல்லைக் கவ்விக்கொண்டு நின்றுவிட, அதன்மேல் நிற்கிறவனுடைய உடம்பு மட்டும் நிற்கத் தெரியாமல் முன்னே போய்விழுகிறது. வேகமாய் வந்தவன் அதே கல்லின்மேல் சுகமாகக் கடந்து போயிருப்பான்.

பின்னால் சாய் என்பது இரண்டாவது. அபாயத்தை நோக்கிப் போகிறவன் அதிலிருந்து தலையை விலக்கிக்கொள்ளப் பார்ப்பது இயற்கை. ஆனால் பலகையின்மேல் நிற்கிறவன் பின்னால் சாய்ந்தால், கனம் பின்னுக்குப் போய், பலகை அவனை விட்டுவிட்டு முன்னால் பாய்கிறது; காலுக்கடியில் ஒன்றுமில்லாத நிலையில் இடுப்பும் முழங்கையும் கல்லின் விளிம்பைச் சந்திக்கின்றன. கைப்பிடிக் கம்பியில் இந்தப் பிழையைச் செய்கிறவனுடைய பிடரிக்கே அபாயம். முன்னோக்கிப் போகிற ஒன்றின்மேல் நிற்க வேண்டுமானால், போகிற திசைக்கே உடம்பையும் ஒப்புக்கொடுத்துவிட வேண்டும். தோள்கள் டிரக்குகளுக்கு மேலே, முழங்கால்கள் மடங்கி, பார்வை காலடியில் அல்லாமல் மேடையின் கடைக்கோடியில்.

ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொள் என்பது மூன்றாவது. மூன்றிலும் மோசமானது இதுதான். பலகையை இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளிவிட்டுக் குதித்து ஓடிவிடுகிறவன் பிழைத்தான். இரண்டு காலையும் அதன்மேல் வைத்திருப்பவனும் பெரும்பாலும் பிழைத்தான். ஒரு கால் பலகையிலும் மற்றொரு கால் மண்ணிலுமாக இறங்குகிறவனுடைய கணுக்கால்தான் திருகிக்கொள்கிறது. செய்வதானால் செய், செய்யாவிட்டால் முற்றும் விடு என்று கூட நிற்கிற தோழர்கள் கத்துவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் சொல்வது வீரவசனம் அல்ல, கணுக்காலைக் காப்பாற்றும் உபாயம்.

ஜாக்கிரதையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அது முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டிய காரியம். ஓடிவரும் பாதையில் ஒரு கடுகளவு கல் கிடந்தாலும் காலால் ஒதுக்கிவிடுவதும், மேடைமேல் ஒருமுறை சும்மா ஏறி நின்று பார்ப்பதும், ஓரிருதடவை பக்கத்தில் உருண்டு போய் எழும்பாமலே தூரத்தை அளந்துகொள்வதும், தலைக்கவசம் அணிவதும் அந்த வகை. விழுவதற்கும் அப்பியாசம் உண்டு. கையை நீட்டி ஊன்றிக்கொண்டு விழுகிறவர்களுக்கு மணிக்கட்டு முறிவது சகஜமாகையால், கையை மடக்கித் தோளின்மேல் உருண்டு எழுந்திருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பழகியவர்கள் விழும்போது பார்த்தால், விழுந்ததாகவே தோன்றாது. வழியில் ஒருதரம் உருண்டுவிட்டுப் போவதாகத் தோன்றும்.

இப்படியாக, மேடைக்கு மிகச் சிறிய கோணத்தில், ஏறக்குறைய இணையாகவே வேகமாக வந்து, எழும்பி, முன்டிரக் ஒரு கணம் முன்னதாகவும் பின்டிரக் உடனே தொடர்ந்தும் விளிம்பில் உட்காரும்போது நடப்பது என்ன? உட்புறத்துச் சக்கரங்கள் இரண்டும் மேடைமேல் அமர்ந்து உருள்கின்றன. வெளிப்புறத்துச் சக்கரங்கள் மேடைக்கு வெளியே அந்தரத்தில் தொங்கி, கல்லின் பக்கச்சுவரை ஒட்டிக்கொண்டு, பலகை உள்ளே போய்விடாமல் காவல் செய்கின்றன. நடுவே டிரக்கின் உலோகம் விளிம்பை உரசுகிறது. பலகை அணுவளவு வெளிப்புறம் சாய்ந்திருக்கும். சக்கரத்துக்கும் கல்லுக்கும் ஏற்பட்ட இந்தப் பொருத்தத்தைப் 'பூட்டு விழுந்தது' என்ற பாவனையில் பேசுகிறார்கள். பூட்டு சரியாக விழுந்துவிட்டால் பிறகு கல்லே பலகையை வழிநடத்திக்கொண்டு போகும், மேலே நிற்கிறவன் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். ஓசையிலேயே இது தெரிந்துவிடும்: பூட்டு விழாதபோது திக்கித் திக்கிக் கீச்சிடுகிற உலோகம், விழுந்துவிட்டால் இடைவிடாத ஒரே இரைச்சலாக இரையும்.

முதிர்ந்த நிபுணர்களும் இதில் விழாதவர்கள் அல்லர். தெரு வித்தை ஒலிம்பிக் போட்டியில் முதன்முதலாகச் சேர்ந்தது டோக்கியோவில், 2021-ஆம் ஆண்டு கோடையில். பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வென்ற பிரேசில் தேசத்து ராய்ஸ்ஸா லியாலுக்கும் அப்போது வயது 13. ஆண்கள் பிரிவில் வென்ற யூட்டோ ஹோரிகோமே, போட்டி நடந்த கோட்டோ வட்டாரத்திலேயே வளர்ந்தவர். அவரே 2024-இல் பாரிஸில், இடையிலே வித்தைகள் கைகூடாமல் பதக்க வரிசையிலிருந்து கீழே இறங்கிக் கிடந்த நிலையில், தமக்குரிய கடைசி முயற்சியில், பலகையோடு முக்கால் சுற்றுச் சுழன்று கம்பியின்மேல் அமர்ந்து வழுக்கிக் காட்டி, 97.08 புள்ளிகள் பெற்றார். மொத்தம் அவருக்கு 281.14, அமெரிக்காவின் ஜாகர் ஈட்டனுக்கு 281.04. வேறு எந்த விளையாட்டிலாவது, பாதி முயற்சிகளில் உலகத்தின் கண்ணெதிரே விழுந்தவனுக்குத் தங்கப் பதக்கம் கொடுப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். எளிதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

விழுந்து விழுந்துதான் கற்க வேண்டுமென்றால், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை முயல வேண்டியிருக்கிறது. அவ்வளவு நேரம் அந்த இடத்தில் நிற்க யார் விடுவார்கள்? நகரத்தாரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கல் சிதைகிறது, மெழுகு கறுக்கிறது, உட்கார வந்த கிழவர் கிழவிகள் பலகை எங்கே பாயுமோ என்று பயந்து எழுந்துபோகிறார்கள். ஆகவே விளிம்புகளில் சாண் இடைவெளிகளில் உலோகக் குமிழ்களைப் பதித்துவிடுகிறார்கள். ஆனால் பிலடெல்பியா நகரசபை நடந்துகொண்ட விதம் சற்று விநோதமானது. லவ் பார்க்கின் புகழ் ஸ்கேட்போர்டு உலகமெங்கும் பரவி, ஸ்டீவி வில்லியம்ஸ் போன்ற உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கேயே பழகிப் பெயர் பெற்று, அந்தப் புகழை முன்னிட்டு எக்ஸ் கேம்ஸ் என்னும் பெரிய போட்டியும் 2001, 2002 ஆண்டுகளில் அந்த நகரத்துக்கு வந்த அதே சமயத்தில்தான், சதுக்கத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டுவதற்குத் தடை விதித்து, சதுக்கத்தைப் புதுப்பிக்கவும் செய்தார்கள்.

இதைப் பொறுக்காதவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் பேக்கன். அந்தச் சதுக்கத்தின் ஆதி யோசனை அவர் மாணவராயிருந்த காலத்து ஆராய்ச்சியில் உதித்தது. பிற்காலத்தில் நகர அமைப்பு அதிகாரியாக இருந்தவர். சினிமா நடிகர் கெவின் பேக்கனின் தந்தை என்றும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் 2002-ஆம் ஆண்டு அக்டோபரில், தமது 92-ஆவது வயதில், தலைக்கவசம் தரித்து, இருபுறமும் ஆட்கள் தாங்கிக்கொள்ள, லவ் பார்க்கில் ஸ்கேட்போர்டின்மேல் ஏறி நின்று உருண்டு, தடையைப் பகிரங்கமாக மீறிக் காட்டினார். வடிவமைத்தவரே தம் வடிவத்துக்குப் பிறர் கண்டுபிடித்த உபயோகத்தை அங்கீகரிக்கும் பெருந்தன்மை அபூர்வம். கட்டடக் கலைஞர்களிடையே மிகவும் அபூர்வம். 2004-இல் டீ.சி. என்னும் காலணிக் கம்பெனி, தடையை நீக்கினால் பராமரிப்புக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியும் நகரசபை இணங்கவில்லை. 2016-இல் சதுக்கத்தை அடியோடு மாற்றிக் கட்டுவதற்கு முன்னால் மட்டும், புதிய மேயர் சில நாட்களுக்கு அனுமதி கொடுத்தார். பனிக்காலக் குளிரையும் பொருட்படுத்தாமல் பலர் வந்து கடைசியாக ஒருமுறை உரசிவிட்டுப் போனார்கள். பெயர்த்தெடுத்த கருங்கற்களில் ஒரு பகுதி கடல் கடந்து ஸ்வீடன் தேசத்து மால்மோ நகருக்குப் போயிற்று. அங்கே நகராட்சியே இந்த வித்தைக்காரர்களுக்கு இடம் அமைத்துக் கொடுக்கிறது.

இவ்வாறு மேடைகள் மாறிக்கொண்டே இருப்பதனால், ஒரு மேடையில் கற்ற வித்தை இன்னொரு மேடையில் அப்படியே வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. உயரம் இரண்டு அங்குலம் கூடினாலே எழும்பும் இடம் மாறிவிடுகிறது; சிமெண்டு மேடைக்குப் பழகினவனைக் கருங்கல் ஏமாற்றுகிறது; மேடைக்கு முகம் காட்டிக்கொண்டு ஏறக் கற்றவன், முதுகு காட்டிக்கொண்டு ஏறும்போது தன் கால்கள் வேறு யாருடையவையோ என்று எண்ணும்படி ஆகிறது. ஃபிஃப்டி-ஃபிஃப்டி நன்றாகக் கைவந்தவன் அடுத்தபடியாகப் பழகுவது பெரும்பாலும், முன்டிரக்கைத் தூக்கிக்கொண்டு பின்டிரக் ஒன்றினால் மட்டும் உரசிச் செல்லும் 'ஃபைவ்-ஓ' என்ற வித்தை. அதற்கு உடம்பின் கனத்தைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். பின்னால் சாயாதே என்று எத்தனையோ வாரங்கள் பாடுபட்டு உடம்புக்குக் கற்பித்தவன், இப்போது அதே உடம்பினிடம் போய், கொஞ்சம் சாயலாம், ஆனால் இவ்வளவுதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் அது கேட்பதில்லை.